சுளுக்கு என்றுதான் சொன்னார்கள்

என் கால் முதன்முதலில் மடங்கியதற்கு எதிரணிக்காரி காரணமில்லை. யாரோ ஒரு பொதுக்கூட்டத்துக்குப் பந்தல் போட்டுவிட்டு, கம்பம் நட்ட குழிகளை மூடாமல் போனதுதான் காரணம். இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

திருவொற்றியூரில் நாங்கள் கால்பந்து ஆடிய மைதானம் பெயருக்குத்தான் மைதானம். ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று புகை விட்டுக்கொண்டிருக்கும். நடுவில் கிரிக்கெட்காரர்கள் போட்ட சிமென்ட் தளம். காலையில் ஆண்கள் அணி ஆடும், மாலையில் கிரிக்கெட். பெண்களுக்கு மிஞ்சியது மத்தியான வெயில். கூட்டம், கல்யாணம், கோயில் திருவிழா என்று எது வந்தாலும் முதலில் ரத்தாவது எங்கள் பயிற்சிதான். விழா முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் டம்ளரும் கோழி எலும்பும் கிடக்கும். அவற்றை நாங்களே பொறுக்கிப் போட்டுவிட்டு ஆட வேண்டும். குழிகளைக் காலால் மண் தள்ளி மூடுவோம். கண்ணில் பட்ட குழிகளைத்தான் மூட முடியும்.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீடு காசிமேட்டில். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், அம்மா மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விற்கிறவர். பெண் பிள்ளை அரை டிராயர் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுவதைப் பற்றி அம்மாவுக்கு நிறையப் புகார்கள் இருந்தன. விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்குக் கல்லூரியில் சீட் கிடைத்ததும் அந்தப் புகார்கள் அப்படியே பெருமையாக மாறிவிட்டன. கூடையை இறக்கி வைத்துவிட்டு வாடிக்கைக்காரர்களிடம் என் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார். கோலுக்கும் கார்னருக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனாலும் பேசுவார்.

எங்கள் பயிற்சியாளர் சாரைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்களைச் சேர்த்து ஓர் அணி கட்டிய முதல் ஆள் அவர்தான். வீடு வீடாகப் போய் அப்பா அம்மாக்களிடம் பேசி எங்களைக் கூட்டி வந்தார். பழைய ஷூக்களைத் தைத்துக் கொடுப்பார். ஆட்டத்தைப் படித்தவர். இந்த நன்றியெல்லாம் எனக்கு இருக்கிறது. அதனால்தான் கோபமும் இவ்வளவு இருக்கிறது. ஒன்றும் தெரியாத ஆள் செய்திருந்தால் மறந்திருப்பேன்.

அன்றைக்கு ஒரு உள்ளூர்ப் போட்டியின் அரையிறுதி. நான் வலது ஓரத்தில் ஆடுகிறவள். எனக்கென்று ஒரு வித்தை இருந்தது. கோட்டை ஒட்டி வேகமாக ஓடி, எதிரில் வருகிறவள் என்னை வெளியே விரட்டப் பார்க்கும் நேரத்தில் வலது காலை ஊன்றி, சட்டென்று இடப்பக்கம் உள்ளே வெட்டி, இடது காலால் அடிப்பேன். அதைச் செய்யத்தான் போனேன். ஊன்றிய கால் குழிக்குள் இறங்கியது. பாதம் உட்பக்கமாகப் புரண்டது. கணுக்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். வெளியில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குத் தலைக்குள் கேட்டது.

சார் வலி ஸ்பிரேயை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். சாக்ஸை இறக்கி, புஸ்ஸென்று அடித்தார்.

“ஒன்னும் இல்லம்மா, சுளுக்குதான். எயுந்துரு.”

“சார், உள்ள இன்னாவோ சத்தம் கேட்டுச்சு சார்.”

“அதெல்லாம் அப்டித்தான் கேக்கும். வெளிய ஆள் இல்ல. நீ போயிட்டா பத்து பேர்தான். புரியுதா? கட்டு போட்டுக்கினு ஆடு, அப்பால பாத்துக்கலாம்.”

கணுக்காலைச் சுற்றி இறுக்கமாகத் துணிக்கட்டு போட்டார். ஸ்பிரேயின் குளிர்ச்சியில் கால் மரத்துப்போயிருந்தது. நான் எழுந்து ஆடினேன். ஜெயித்தோம். பிள்ளைகள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். சார் எல்லோரையும் உட்கார வைத்து, என்னைக் காட்டிச் சொன்னார்: “வலின்னு சொல்லி ஒக்காரல பாரு. இதான் ஆட்டக்காரி.” அன்றிலிருந்து யாராவது அடிபட்டு உட்கார்ந்தால் என் கதையைத்தான் சொல்வார். என் கிழிந்த கால் மற்றவர்களை எழுப்பி விடும் பிரம்பாகிவிட்டது. அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்குப் போய்க் கட்டைப் பிரித்ததும் கால் பன் மாதிரி உப்பிவிட்டது. வெளிப்பக்கம் நீலமும் பச்சையுமாக நிறம் பரவியது.

“இன்னாடி இது! கால் கீற கதியைப் பாரு. இத வச்சிக்கினா ஆடின?” என்று அம்மா கத்தினார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எலும்பு உடையல. சுளுக்குதான். மாத்திரை போடு, ரெஸ்ட் எடு” என்றார். என் காலை அவர் தொடவே இல்லை. எலும்பு உடையவில்லை என்றால் ஒன்றும் உடையவில்லை என்று நாங்களும் நம்பினோம். பிறகு தெருவில் சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் அம்மா கூட்டிப் போனார். அவர் எண்ணெய் தடவி அழுத்தி உருவினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இப்படி எத்தனை பேர் கைக்கு என் கால் போனது பாருங்கள். ஸ்பிரே அடித்தவர், படம் பார்த்தவர், உருவியவர். மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். உள்ளே ஒரு தசைநார் கிழிந்திருக்கலாம், அது ஆற நாளாகும், ஆறிய பிறகு காலுக்கு மறுபடி நிற்கப் பழக்க வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வீக்கம் முழுதாக வற்றுவதற்குள் நான் இறுதி ஆட்டத்தில் நின்றேன்.

அதன் பிறகு கால் தானாகவே மடங்க ஆரம்பித்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மடங்கும். துறைமுகத்தில் அம்மாவுக்கு ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு போகும்போது, ஈரத் தரையில் மடங்கும். லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமாகிப்போன எண்ணூர் சாலையைக் குறுக்கே தாண்டும்போது மடங்கும். ஒருமுறை வீட்டு வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே மடங்கியது. வலி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தது. அதனால் சரியாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்தேன். காலில் நம்பிக்கை குறைந்துகொண்டு வந்ததை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மைதானத்தில் நான் வேறு ஆளாகிவிட்டேன். நேராக ஓடுவதில் குறை இல்லை, மூச்சும் இருந்தது. ஆனால் வலது காலை ஊன்றித் திரும்ப வேண்டிய இடம் வந்ததும் உடம்பு எனக்கு முன்பே முடிவு செய்துவிடும். அரைக் கணம் தயங்கும். கால்பந்தில் அரைக் கணம் என்றால் பந்து போய்விட்டது என்று அர்த்தம். அதனால் உள்ளே வெட்டுவதை விட்டுவிட்டு, முன்கூட்டியே பந்தைத் தள்ளிவிட ஆரம்பித்தேன். தலையால் முட்ட எம்பினால் இடது காலில் மட்டுமே இறங்குவேன். கொஞ்ச நாளில் இடது முட்டியும் வலிக்கத் தொடங்கியது.

சார் இதையெல்லாம் பார்த்தார். பார்க்கத் தெரிந்தவர்தானே. ஆனால் அவர் கண்டுபிடித்த காரணம் வேறு.

“இன்னா, பயமா உனக்கு? பந்தக் கண்டா ஓடற. வூட்ல கல்யாணம் கில்யாணம் பேசறாங்களா? மூஞ்சில அடிபட்டுடும்னு பாக்கறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அதே மைதானத்தில் ஆண்கள் அணியில் ஒரு பையனுக்கு முட்டியில் அடிபட்டபோது, சார் தன் மோட்டார் சைக்கிளில் அவனை நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஓர் ஆளை ஏற்றி, ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவன் திரும்பி வந்து பல மாதங்கள் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. அவனுக்கு வேலை கிடைக்க வேண்டும், எதிர்காலம் இருக்கிறது, காலைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் கால்களுக்கு எதிர்காலம் இல்லை என்று யார் முடிவு செய்தது?

எனக்கும் வேலைக்கான வாய்ப்பு வந்தது. ஓர் அரசுத் துறையின் பெண்கள் அணிக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வில் ஜெயித்தால் வேலை. கூம்புகளை வளைந்து வளைந்து வைத்து, அவற்றுக்கிடையே பந்தோடு ஓடச் சொன்னார்கள். முதல் திருப்பம் தாண்டினேன். அடுத்ததில் வலது காலை ஊன்றினேன். அவ்வளவுதான். பாதம் புரண்டு, முகம் புல்லில் பட விழுந்தேன். யாரும் தள்ளவில்லை. குழியும் இல்லை. அவ்வளவு நல்ல புல்தரையில் நான் அதற்கு முன் ஆடியதே கிடையாது. எழுந்து மறுபடி ஓடினேன். தேர்வு செய்கிறவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “ஓட்டம் இருக்கு, நிதானம் இல்ல” என்று சொன்னது என் காதில் விழுந்தது.

சாரிடம் போய்ச் சொன்னேன். “வந்த சான்ஸைக் கெடுத்துக்கினியே” என்றார். நான் கெடுத்துக்கொண்டேனாம்.

என் காலுக்கு என்ன என்பதை நான் தெரிந்துகொண்டது தற்செயலாகத்தான். அம்மாவுக்கு முட்டி வலி. அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவுக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். துணைக்குப் போனேன். அறை வாசற்படியில் என் கால் வழக்கம்போல மடங்க, கதவைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு உள்ளே போனேன். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் என் வயதையொட்டிய பெண். அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“அடிக்கடி இப்படி மடங்குதா?”

“ஆமா மேடம். பயகிப்போச்சு.”

“பழகிப்போச்சா? மேல ஏறி உட்காருங்க.”

ஒரு கையால் என் முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குதிகாலை முன்பக்கம் மெதுவாக இழுத்தார். இடது காலில் அது அசையவில்லை. வலது காலில் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி முன்னால் வந்தது. எனக்கே தெரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பிசியோதெரபிஸ்ட் என்னை வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். நின்றேன். “கண்ணை மூடுங்க” என்றார். மூடினேன். மூடிய உடனே சாய்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். திரும்பத் திரும்ப முயன்றேன், முடியவில்லை. ஆட்டம் முழுக்க ஓடுகிற நான், முட்டி வலிக்காரியான என் அம்மாவின் முன்னால், ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் தடுமாறினேன். அம்மா முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

கணுக்காலின் வெளிப்பக்கம் இருக்கும் தசைநார் கிழிந்து, ஆறும்போது நீண்டு தளர்ந்துபோயிருக்கிறது என்று அந்தப் பெண் விளக்கினார். பிடிமானம் போனது ஒரு பக்கம். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று உடம்புக்குச் சொல்கிற உணர்வும் அதோடு மங்கிவிடும். அதனால் பாதம் புரள்வது தெரிந்து தசைகள் இறுக்கிப் பிடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். ஒவ்வொரு மடங்கலும் அடுத்த மடங்கலை இன்னும் சுலபமாக்கும்.

“அப்போ நான் பயப்படல?” என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. முதலில் வந்தது அந்தக் கேள்விதான்.

“பயமா? இந்தக் காலோட இவ்வளவு நாள் ஆடியிருக்கீங்களே, உங்களுக்கா பயம்?”

“ஆபரேஷன் பண்ணணுமா?”

“இப்ப வேண்டாம். பயிற்சியிலயே நிறையப் பேருக்குத் தேறிடும். பொறுமையா செய்யணும். முதல் தடவை அடிபட்டப்பவே இதைச் செஞ்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் தூக்கி எறியலாம் போல இருந்தது. இவ்வளவுதானா? ஒற்றைக் காலில் நிற்பது, ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் இழுப்பது, ஆடும் பலகையில் நிற்பது, குதித்து இறங்கிப் பழகுவது. இதைச் செய்யாததற்காகவா என் வேலை போயிற்று, என் ஆட்டம் போயிற்று? வாங்க முடியாத மருந்து என்றால் விதி என்று விட்டிருப்பேன். வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்கிற விஷயம் அது.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கணுக்காலைப் பார்க்கவில்லை. “கண்ண மூடிக்கினு ஒத்தக் கால்ல நிக்கறியா? இன்னா, தவமா?” என்றார். “பந்து ஆடறவளுக்குக் கால் மடங்கத்தான் செய்யும். எனக்கும் மடங்கியிருக்கு. நான் ஆடல?”

வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பயிற்சிகளைச் செய்தபடி, பல மாதங்கள் ஆட்டத்தை விட்டு விலகியிருந்தேன். கல்லூரி முடிந்தது. ராயபுரத்தில் சரக்கு அனுப்புகிற ஓர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காரும் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மைதானத்துக்குப் போய்க் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்ப்பேன். அப்போது எங்கள் அணியில் வலது ஓரத்தில் ஒரு பள்ளி மாணவி ஆடிக்கொண்டிருந்தாள். காலடிப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். என்னைவிட நன்றாக ஆடுவாள். அதைச் சொல்ல எனக்கு வருத்தமில்லை.

ஒரு போட்டிக்கு மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வந்திருந்தார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் பந்தை முட்ட எம்பி, இன்னொருத்தியின் பாதத்தின் மேல் இறங்கினாள். வலது பாதம் உட்பக்கம் புரண்டதை நான் பார்த்தேன். சார் ஸ்பிரேயோடு ஓடினார். அவர் வாய் திறந்த உடனே என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஒன்னும் இல்லம்மா, சுளுக்குதான். எயுந்துரு.”

நான் எழுந்து மைதானத்துக்குள் நடந்தேன். எப்படி உள்ளே போனேன் என்று யோசித்ததெல்லாம் பிறகுதான். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் ஷூவின் மேல் கை வைத்துக்கொண்டேன். நடுவர் விசில் ஊதி, வெளியே போகச் சொன்னார்.

“போவ மாட்டேன்” என்றேன்.

“நீ யாரு உள்ள வர்றதுக்கு? பேஜாரு பண்ணாத, எயுந்து போ!” என்று சார் கத்தினார்.

“எங்காலுதான் போச்சு சார். இவளாவது ஒயுங்கா நடக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க.”

“ஒரு சுளுக்குக்கு ஆஸ்பத்திரியா? செலக்சன் நடந்துகினு கீது, கண்ணு தெரியலயா உனக்கு?”

அந்தப் பெண்ணே என் கையைத் தள்ளினாள். “அக்கா, விடுங்கக்கா. நான் ஆடுவேன். அவங்க பாத்துட்டு இருக்காங்க.”

அவள் கண்ணில் இருந்தது எனக்குத் தெரிந்த பார்வைதான். அதனால் நான் வாதம் செய்யவில்லை. “ஆடு. நான் தடுக்கல. இப்ப எழுந்து அந்தக் கால்ல மட்டும் நில்லு. நின்னுட்டா நான் வெளிய போயிடறேன்” என்றேன்.

அவள் எழுந்தாள். இடது காலைத் தரையிலிருந்து எடுத்தாள். முகம் வெளுத்துப்போய் அப்படியே என் மேல் சாய்ந்தாள். சாரும் பார்த்தார், நடுவரும் பார்த்தார். நானும் இன்னொரு பெண்ணும் அவளைத் தாங்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினோம். பின்னாலிருந்து சாரின் குரல் வந்தது: “இனிமே இந்த கிரவுண்டுல கால வைக்காத!”

ஆட்டோவில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “எல்லாம் உங்களாலதான்” என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அழுகை.

தசைநார் பாதி கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவளுடைய அப்பா கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். டாக்டர் சொன்னதையும், கவனிக்காமல் விட்டு என் கால் கெட்ட கதையையும் கேட்டதும் அவர் முடிவு செய்துவிட்டார்.

“போதும்மா. பந்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு இவள ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்க வேண்டாமா? நீங்கதான சொன்னீங்க, கால் கெட்டுப் போவும்னு? ஏ பிள்ள, இன்னையோட முடிஞ்சுது, கேட்டியா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சார் அவளை நிறுத்தவில்லை என்று சண்டை போட்டு வந்தால், இவர் அவளை ஒரேயடியாக நிறுத்துகிறார். அதுவும் என் வார்த்தையை வைத்தே. ஒருவருக்கு அவள் கால் ஜெயிப்பதற்கு, இன்னொருவருக்கு அது கல்யாணத்துக்கு. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அன்று வீட்டில் நான் புலம்பியதை அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் மீன் விற்று முடித்த கையோடு, கூடையைக்கூட வீட்டில் வைக்காமல், “வா, அந்தக் கடைக்குப் போவலாம்” என்றார். கடையில் கூட்டம். அம்மா அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கூடையை இறக்கினார்.

“இன்னா அண்ணாச்சி, பொண்ணை ஆட வேணாம்னு சொல்லிட்டியாமே?”

“ஏம்மா, கூடைய வெளிய வையிங்க, வாடை அடிக்குது. எம் பிள்ளய நான் பாத்துக்கிடுதேன்.”

“நீ இன்னாத்த பாத்துக்குவ? வூட்ல ஒக்கார வச்சா கால் சரியாப்பூடுமா? எம்பொண்ணு காலை யாரும் கவனிக்காம வுட்டுதான் அது இப்டி கீது. இன்னிக்கும் படில எறங்கறப்ப நான் கைய புட்ச்சிக்கினு நிக்கறேன். உம்பொண்ணுக்கு இப்பவே பயிற்சி குடுத்தா நடக்கும், ஓடும், ஆடவும் ஆடும். ஆடாட்டி மட்டும் அது நடக்க வேணாமா?”

சாமான் வாங்க வந்த பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், “அந்தம்மா சொல்றது நியாயம்தான அண்ணாச்சி” என்றார். அண்ணாச்சி தராசைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: “ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். பயிற்சி முடியட்டும். ஆடறதா வேண்டாமான்னு அப்புறம் அவகிட்டயே கேளுங்க.”

“மொதல்ல காலு சரியாவட்டும். பொறவு பாப்போம்” என்றார். வாக்குக் கொடுத்தது போலவும் இல்லை, மறுத்தது போலவும் இல்லை.

அலுவலகத்தில் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். அந்த பிசியோதெரபிஸ்ட் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் ஆடும் பலகையில் ஏற்றுவார். ஆரம்பத்தில் அந்தப் பெண் என்னோடு பேசவே இல்லை. என் மேல் இருந்த கோபத்தைப் பலகையில் காட்டினாள். பிடிவாதமாக நின்றாள். ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் நின்றவள், அப்படியே மூடியபடி, “அக்கா, பாருங்க, நிக்குது” என்றாள். அவள் பக்கத்தில் நான் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் தேறியதும் அண்ணாச்சி அவளிடம் கேட்டாரோ இல்லையோ, ஆடப் போகட்டுமா என்று அவளே கேட்டுவிட்டாள். வீட்டில் பெரிய சண்டை நடந்ததாகச் சொன்னாள். கடைசியில் வேறு ஓர் அணியில் சேர்ந்தாள். என் கால் முக்கால்வாசி தேறியது. கணுக்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு வார விடுமுறையில் ஆடுகிறேன். பழைய வெட்டு திரும்பி வரவில்லை. வேலைத் தேர்வுக்கான வயதும் தாண்டிவிட்டது. போனது போனதுதான், அதில் ஆறுதல் தேடிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. எங்கள் பழைய சார் இன்னும் பயிற்சி கொடுக்கிறார். பாராட்டு விழாக்களில் சால்வை வாங்குகிறார். பெண்கள் ஏன் பாதியிலேயே ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள் என்று மேடையில் வருத்தப்பட்டுப் பேசியதை ஒருமுறை கூட்டத்தில் நின்று கேட்டேன். வீட்டில் விடுவதில்லை, கல்யாணம் செய்துவிடுகிறார்கள் என்றார். எங்கள் கால்களைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

போன மாதம் அந்தப் பெண்ணின் ஆட்டம் பார்க்கப் போனேன். ஸ்கோர் சமம். நேரம் முடியப்போகிறது. ஒருத்தி மோதியதில் அவள் கால் லேசாகப் புரண்டது. உடனே எழுந்தாள். இரண்டு எட்டு வைத்துப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி, மாற்று ஆள் வேண்டும் என்று காட்டினாள்.

அவளுடைய புதிய பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார்: “இன்னும் கொஞ்ச நேரம்தான்! தாங்கிக்கோ!”

அவள் தலையை ஆட்டினாள். “வேணாம் சார். கால் சரியில்ல” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு நடந்து வெளியே வந்தாள்.

என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், “இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் தாங்கற சக்தியே இல்ல” என்றார்.

“எதுக்குத் தாங்கணும்?” என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் நகர்ந்து போய் நின்றுகொண்டார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் ஐஸ் வாங்கிவரக் கடைப் பக்கம் போனேன்.